சிவப்பு வளையல் மாட்டிய பாட்டில்

மதினி,

இன்று காலை ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது. கைப்பிடி ஒடிந்த மாப்புகள், ஓட்டை வாளிகள், தங்க வந்தவர்கள் விட்டுப்போய்க் கேட்டு வராத குடைகள் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. மேல் பரணைக் காலி செய்ய ஏணியில் ஏறியது நான். என் முட்டிக்கு ஏணி ஆகாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தி பிடிக்காமல் இன்னொருத்தி ஏணியில் ஏறக் கூடாது, ஈரச் செருப்போடு ஏறக் கூடாது என்று சூப்பர்வைசர் என்ற பேரில் தினமும் தொண்டை வற்றக் கத்துகிறவள் நானாக இருப்பதால், ஒரு நாளாவது செய்து காட்டுவோம் என்று ஏறினேன். செல்லக்கனி கீழே பிடித்துக்கொண்டாள். நீ போன பிறகு உன் இடத்துக்கு வந்தவள் அவள். நல்ல வேலைக்காரி, வாய்தான் கொஞ்சம் அதிகம்.

பரணின் கடைசி மூலையில், குழாய்க்குப் பின்னால், ஒரு தலையணை உறை சுருட்டிக் கட்டிக் கிடந்தது. முடிச்சைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. தேயிலைக் காட்டில் கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு அது. அதிலும் இடப்பக்கம் இழுத்து முறுக்கியது. இந்த ரிசார்ட்டில் அப்படி முடிச்சுப் போட்ட இடதுகைக்காரி நீ ஒருத்திதான்.

உள்ளே ஒரு காலி பாட்டில் இருந்தது. கழுத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் வளையல். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் துணியிலிருந்து பழைய ஆசிட் வாடை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது. "என்னக்கா, பாம்பா?" என்று கீழேயிருந்து கேட்டாள் செல்லக்கனி. இல்லை என்று இறங்கினேன். முற்றத்துப் படியில் போய் உட்கார்ந்தவள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது ரூம் செக்லிஸ்ட் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று அதைச் சொல்லியாக வேண்டும்.

நீ எனக்கு மதினியா, நான் உனக்கு மதினியா என்பது கடைசிவரை தீரவே இல்லை. எஸ்டேட் லயத்தில் ஒரே வீட்டு வரிசை, பிறந்தது ஒரே வருஷம், ஒரே மாதம். நீ மூன்று நாள் மூத்தவள் என்று உன் அம்மா சொல்வாள், அதெப்படி என்று என் அம்மா சண்டைக்குப் போவாள். வம்பே வேண்டாம் என்று நாம் இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டோம். இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளினோம். மஞ்சு இறங்கி எல்லாம் பனிமூட்டமாகிவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். கீழே சரிவு. எங்கேயாவது காட்டுமாடு நிற்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருத்தி கூவுவாள்.

"மதினி, இருக்கியா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. பதில் வராவிட்டால் கேட்டவள் சாக்கைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். கங்காணி திட்டினாலும் போக வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. நம் அம்மாக்கள் அப்படித்தான் கூவினார்கள், நாமும் கூவினோம்.

முட்டி தேய்ந்து, மலை ஏறி இறங்க முடியாமல் போனபோதுதான் ரிசார்ட்டுக்கு வந்தோம். ஹவுஸ்கீப்பிங் என்று பேர். வெயில் மழை கிடையாது, அட்டைக்கடி கிடையாது, கூரைக்குக் கீழே வேலை என்று உன்னிடம் நான்தான் ஆசை காட்டினேன். முதல் நாள் பாத்ரூமைப் பார்த்துவிட்டு நீ சொன்னது நினைவிருக்கிறது. "ஏட்டி, இதுல சன்னலே இல்லையே. மூச்சு எங்க போய் விடுதது?"

ஜன்னல் மட்டுமா இல்லை. பெரிய கேனில் வந்த திரவங்களைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றித் தருவார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டில். கேனில் ஒட்டியிருந்த எழுத்து இங்கிலீஷும் மலையாளமும். நாம் படித்தது தமிழில் ஏழாம் வகுப்பு. முதல் வாரமே நீ தரை துடைக்கிற தண்ணீர் என்று நினைத்து ஆசிட்டில் கையை விட்டாய். தோல் உரிந்த விரல்களோடு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனாய். மருந்து கட்டிய நர்சம்மாவிடம் ஒவ்வொரு வாடையாகச் சொல்லிக் கேட்டாயாம், இது என்ன, அது என்ன என்று. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டு வந்தாய். நானாக இருந்தால் கட்டுப் போட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

மறுநாள் ஒரு டஜன் பிளாஸ்டிக் வளையல் வாங்கி வந்தாய், வட்டவடை ஜீப் நிற்கிற இடத்துக் கடையில். ஆசிட் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு. ப்ளீச்சிங் தண்ணீருக்கு வெள்ளை. தரைக்குப் பச்சை. "செவப்பும் வெள்ளையும் ஒரு வாளியில சேரவே கூடாது. சேந்துச்சுன்னா புகை வரும், நெஞ்சை அடைச்சுரும்" என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாய். பாட்டிலுக்கு வளைகாப்பா என்று சமையல்காரர்கள் கேலி செய்தார்கள். ஆமா, உங்க ஊட்டுப் பிள்ளைக தாகத்துக்கு எடுத்துக் குடிச்சிராம இருக்கத்தான் என்றாய். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காட்டில் கூவிய வழக்கத்தையும் நாம் விடவில்லை. ஆளுக்கொரு அறை, கதவுக்குள் கதவு, உள்ளே விழுந்து கிடந்தாலும் யாருக்குத் தெரியும்? வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து நீ கூவினால் அந்தக் கோடியிலிருந்து நான் பதில் சொல்வேன். ஒரு நாள் மேனேஜர் சார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். நல்ல மனுஷர், கோட்டயம் பக்கம். நம்மைக் கண்டிக்க வரும்போது அவருக்குத்தான் வேர்க்கும்.

"சேச்சி, இங்ஙன கூவக் கூடாது. கெஸ்ட் உறங்குறாங்க. கம்ப்ளெயின்ட் வந்நு."

"சார், நான் கூவுறது அவளை எழுப்ப இல்ல. அவ எந்திரிச்சு நிக்காளான்னு பாக்க" என்றாய் நீ.

அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. கூவல் நின்றது. நீ சும்மா இருப்பாயா? மாப்புக் குச்சியால் சுவரில் இரண்டு தட்டு, பதிலுக்கு இரண்டு தட்டு என்று ஆரம்பித்தாய். பன்னிரண்டாம் அறைக்காரர் வெளியே வந்து இங்கே தச்சு வேலை நடக்கிறதா என்று கேட்டது உன் காதில் விழுந்து, லினன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பை இன்றும் நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் பொன்னுத்தாய் ஈரப் படியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தாள். பார்த்து நடந்திருக்க வேண்டாமா என்று அவளைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் பதில் வேறு ஆள் போட்டார்கள். நீ மேனேஜர் முன்னால் போய் நின்றாய். "வழுக்கி விழுந்தவளை மாத்துனா தரை காஞ்சிருமா சார்?" என்று கேட்டாய். படிக்கு ஒரு ரப்பர் விரிப்புகூட வரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸ் லீவு. பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் வந்து நிற்கும். அதற்குள் ஆளுக்கு ஐந்து அறை. நம் மலைத் தண்ணீரில் துரு அதிகம், ஒன்பதாம் அறை பாத்ரூமில் மஞ்சள் கறை இறங்கிப் போயிருந்தது. சிவப்பை வாளியில் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. கறை இருந்தால் போட்டோ எடுத்துப் போடுவார்கள், என் பேரைக் கேட்பார்கள். பாத்ரூமில் மணம் வந்தால்தான் சுத்தம் என்று நினைக்கிற இடம் வேறு. நான் வெள்ளைப் பாட்டிலை எடுத்து அதே வாளியில் கவிழ்த்தேன். வாடை படுக்கைக்குப் போகக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டேன்.

தெரிந்தேதான் செய்தேன், மதினி. நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றது இதுதான். வளையலைப் பார்த்தேன், சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. அதற்கு முன்பே இரண்டு முறை உனக்குத் தெரியாமல் கொஞ்சமாகக் கலந்திருக்கிறேன். கறை போயிற்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் என்னைக் கெடுத்தது. உன் எச்சரிக்கை எல்லாம் பயந்தவள் பேச்சு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மூச்சுக்குள் நெஞ்சு அடைத்தது. கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவிய மாதிரி எரிச்சல். கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அப்போதுதான் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பதிலுக்குத் தட்டக் குச்சியைத் தேடினேன், கிடைக்கவில்லை. மறுபடி இரண்டு தட்டு. அதற்குப் பிறகு நீ தட்டவில்லை. எந்த மேனேஜர் என்ன சொன்னாலும் சரி என்று வராந்தா முழுக்கக் கேட்க, "மதினி, இருக்கியா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாய். என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே புல்லில் போட்டாய்.

பிறகு நீ மறுபடியும் உள்ளே போனாய். அரை மயக்கத்தில் உன் முதுகைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். இருமல் நிற்கவில்லை. என்னைவிட உன்னைத்தான் அதிக நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவள் எதற்கு மறுபடி உள்ளே போனாய் என்று டாக்டரும் கேட்டார், உன் புருஷனும் கேட்டார். "வாளியைக் கவுக்கப் போனேன்" என்றாய் எல்லோரிடமும்.

விசாரணை என்று ஆபீஸ் அறையில் உட்காரவைத்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து, "எந்தா உண்டாயது சேச்சி? நேரா சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தாய். அதன் கழுத்தில் இருந்த வளையல் வெளுத்து, சிவப்பா வெள்ளையா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"சார், செவப்பு வெயில்ல கெடந்து வெளுத்துப் போச்சு. இவ வெள்ளைன்னு நெனச்சு ஊத்திட்டா. மாத்தாம விட்டது என் தப்பு. ஆனா சார், பாட்டில்ல பேரு இல்ல. கேன்ல இருக்கிற பேரை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் வளையலை நம்பித்தான் இத்தனை பேரு மூச்சு விடுதோம். இவளை அனுப்பிட்டு இன்னொருத்தியைக் கொண்டாந்தா அவளும் ஊத்துவா."

அந்தப் பாட்டில் என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் கிடந்த பழசு அது. நீ அவசரத்தில் பாட்டிலை மாற்றி எடுத்து வந்துவிட்டாய், நான் உண்மையிலேயே ஏமாந்து ஊற்றினேன் என்று நம்பிவிட்டாய் என்று நினைத்தேன். நிஜத்தைச் சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். பேசாமல் இருந்தேன். செய்யாத தப்பை நீ உன் தலையில் போட்டுக்கொண்டபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில் ஒழிந்தது. தமிழில் எழுதி, படமும் போட்ட டப்பாக்கள் வந்தன. ஆசிட்டையே நிறுத்தினார்கள். பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார்கள். கையுறை, கண்ணாடி, படிகளுக்கு ரப்பர் விரிப்பு. கடைசியாக மேனேஜரே வந்து, "கூவிக்கோ சேச்சி, கொஞ்சம் மெதுவா கூவிக்கோ" என்றார். எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். நான் மட்டும் உன் கண்ணைப் பார்க்காமல் டீ குடித்தேன்.

அப்புறம் மூன்று வருஷம் நீ வேலை செய்தாய். மஞ்சு இறங்கும் நாளில் உனக்கு மூச்சு வாங்கும். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று வருவாய். அந்த மூன்று இடத்திலும் நான் சொல்ல முயன்றிருக்கிறேன். "மதினி, அன்னிக்கு அந்தப் பாட்டிலு" என்று ஆரம்பித்தாலே, "எனக்கே மூச்சு வாங்குது, நீ வேற பேச்சு குடுக்காத" என்று கையை ஆட்டிவிடுவாய். ஒரே ஒரு நாள், சர்ச் வளைவில் நின்றபோது, நான் கேட்காமலே சொன்னாய். "செவப்பு செவப்புதான். இனிமே மறந்துராத." வெளுத்த வளையல் ஞாபகத்தில் சொல்கிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

போன மழையில் நீ போய்விட்டாய். அந்தப் புகைதானா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். சின்ன வயசிலிருந்து ஊதிய விறகடுப்பும் உண்டு, இன்னதுதான் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னாரோ, நிஜமோ. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இன்று பரணில் கிடந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சூடுபட்டு உருகிய தழும்பு. பேன்ட்ரி அடுப்புப் பக்கம் வைத்து நானே சுட்டது, நீகூடத் திட்டினாய். ஒன்பதாம் அறையில் என் கையில் இருந்த பாட்டில் இதுதான். வளையல் வாங்கிய அன்று போலவே பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது. புகை அடங்கியபின் அந்த அறைக்குள் போன பிளம்பர், வாளி அப்படியே நின்றதாகவும் தானே கவிழ்த்ததாகவும் அன்று சொன்னதும் இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீ வாளிக்காகப் போகவில்லை. இந்தப் பாட்டிலுக்காகப் போனாய். யாராவது இதைப் பார்த்தால் நான் தெரிந்தே ஊற்றியது தெரிந்துவிடும் என்று அந்தப் புகைக்குள் போய் எடுத்துவந்து, துணியில் சுற்றி, ஏணியில் ஏறிப் பரணில் ஒளித்துவைத்தாய். ஏணியைப் பிடிக்க உனக்கு யார் இருந்தார்கள்?

உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது, மதினி. எதிரில் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். என் வேலை போயிருந்தால் போயிருக்கட்டுமே. கேரட் மூட்டை கட்டப் போயிருப்பேன். ஆனால் நீ நினைத்தது அது மட்டும் இல்லை என்றும் தெரிகிறது. என் தப்பு என்று ஆகியிருந்தால் என்னை அனுப்பிவிட்டு, பொன்னுத்தாய்க்குச் செய்த மாதிரியே, பாட்டிலை அப்படியே விட்டிருப்பார்கள். நீ என்னையும் காப்பாற்றினாய், எனக்குப் பின்னால் வரப்போகிறவளையும் காப்பாற்றினாய். அதற்காகச் சொன்ன பொய்யை என்னிடம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. நான் வெட்கப்படுவேன் என்று நினைத்திருப்பாய்.

மத்தியானம் ஷிப்டுக்கு முன்னால் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஆறு பேரையும் முற்றத்தில் உட்காரவைத்துப் பாட்டிலை நடுவில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நான் ஏமாந்து ஊத்தல. தெரிஞ்சேதான் ஊத்துனேன். ரெண்டு தடவை ஒண்ணும் ஆகலைங்கிற தைரியத்துல ஊத்துனேன்" என்றேன். இங்கே எல்லோருக்கும் அந்த இரண்டு தடவை என்றால் என்னவென்று தெரியும். கையுறை இல்லாமல் இரண்டு தடவை, ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் இரண்டு தடவை. செல்லக்கனி மட்டும் கேட்டாள், "அந்த அக்காவுக்கு இது தெரியுமா?" தெரியும் என்றேன்.

பாட்டிலைக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன். வளையலைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்டோர் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன். சாவி இனி என் இடுப்பில்தான்.

பிறகு ஒன்பதாம் அறையை நானே எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் எதற்கு வாளியைத் தூக்க வேண்டும் என்றார்கள், இன்று நான் தூக்குகிறேன் என்றேன். கதவைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, தேய்க்க உட்கார்ந்தேன். கறை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். உனக்குப் பிறகு என்னை யாரும் கூவிக் கேட்டதில்லை. சூப்பர்வைசரை யார் கூவுவார்கள்? நீ போனதிலிருந்து நான்தான் எல்லோரையும் கூவிக் கேட்கிறவள். இன்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது.

"அக்கா, இருக்கீகளா?"

இருக்கேன் என்றேன். முதல் தடவை குரல் வெளியே வரவில்லை. பதில் வராவிட்டால் அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருவாளே என்று, இரண்டாம் தடவை வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.